பக்கவாட்டில் முளைத்தவள்

என் அண்ணன் சென்யோ, கானா நாட்டில் ஹோவிலிருந்து அக்ராவுக்கு ஆள் ஏற்றிப்போகும் ட்ரோட்ரோ வேனை இருபது வருஷம் ஓட்டினார். ஒரு கீறல் விழுந்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், சாலையோரம் மரவள்ளிக் கூடையோடு நடந்துபோன எசினாம் என்ற பெண்ணை இடித்துவிட்டார். அவளுடைய இடுப்பெலும்பு முறிந்தது.

“அவ அங்க இல்லவே இல்ல, காஃபுயி. காத்துலேருந்து முளைச்சா” என்றார் என்னிடம்.

அதன் பிறகு எல்லோருமே அவருக்கு அப்படித்தான் முளைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் என்மேல் மோதிக்கொண்டு அலறுவார். எங்கள் மூத்த அண்ணன் கோர்சி பார்வை போய்ச் செத்தவர். செய்வினை என்றார்கள்.

“கோர்சிதான் என் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆளுங்கள மறைக்கிறான்” என்பார் சென்யோ. யாரும் நிற்க இடம் விடாமல் சுவரை ஒட்டியே உட்காரத் தொடங்கினார். எனக்கும் அந்த வீட்டில் நடமாடப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்தார்கள். நர்ஸ் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“என் மூக்கையே பாருங்க. விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க.”

அண்ணனின் காதருகிலிருந்து தன் விரலை மெல்ல முன்பக்கம் கொண்டுவந்தார். அண்ணன் வாயே திறக்கவில்லை.

“என்ன டிரைவரே, தூக்கமா?” என்று யாரோ சிரித்தார்கள்.

விரல் நர்ஸின் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், “இப்ப” என்றார். சிரிப்பு நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “இது கிளாக்கோமா. வலிக்காது. ஓரத்துலேருந்து பார்வையத் தின்னுக்கிட்டே வரும். போனது திரும்பாது, மிச்சத்தக் காப்பாத்தலாம். நம்ம கறுப்பு ஜனங்களுக்குச் சீக்கிரமே வருது, கடுமையாவும் வருது. குடும்பத்துல யாருக்காவது கண்ணு போச்சா?”

“கோர்சிக்கு” என்றார் அண்ணன். “பாவி, அவனப் பேயாக்கிட்டேனே.”

வேனை விட்டுவிட்டார். எசினாம் வீட்டுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

“நீ அங்கதான் இருந்தம்மா. எனக்குத்தான் தெரியல.”

“இவ்வளவு நாளா நான் காத்துல முளைச்சேன்னு ஊரெல்லாம் சொன்னியே” என்றாள் அவள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது அவர் தினமும் வேன் நிலையத்தில் மைக் பிடித்து நிற்கிறார்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு நானும் சொன்னேன்யா! போய்ப் பாத்துட்டு வாங்க!”

“குருடன் பிரசங்கம் ஆரம்பிச்சுட்டான்” என்று கேலி செய்கிறார்கள் சிலர். பதினோரு டிரைவர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு இருந்தது.

எனக்கும் இருக்கிறது, ஆரம்ப நிலையில். தினமும் சொட்டு மருந்து விடுகிறேன், எரிகிறது. யாராவது சட்டென்று அருகில் வந்து நின்றால், இப்போதுதான் வந்தீர்களா, முன்பே நின்றிருந்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.