மால்கம் டீ போடப் போன நேரம்

கால்வாயில் தண்ணீரை வடித்துப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்குகிற, இரண்டு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டிதான் லாக். அதில் படகு கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது என் புருஷன் மால்கம் உள்ளே போய்க் கெட்டிலை அடுப்பில் வைப்பான். பத்தொன்பது கோடைகளாக இதே வழக்கம். தண்ணீர் வடிந்து கீழ்க்கதவு திறக்கிற நேரத்துக்குச் சரியாக, கையில் டீக் கோப்பையோடு பின்தளத்தில் வந்து நிற்பான். எதிரே காத்திருக்கும் படகுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவனுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கோ பயம்.

ஏன் பயம் என்று அவனிடம் சொல்லாத வருடம் இல்லை. மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பக்கம் அந்தப் படிக்கு மேலே வந்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் இறங்கும், பின்பக்கம் படியில் உட்கார்ந்துவிடும். பிறகு முன்பக்க வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே பாயும். இரண்டு நிமிடம் போதும், உள்ளே இருக்கிற ஆள் வெளியே வர முடியாது. அதற்காகத்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், படகு அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது என்று.

"நீ மதகைச் சுத்துற வேலையை மட்டும் பாரு கண்ணு. படகு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?" என்பான்.

அன்று ஜூலை மாதத்து நல்ல வெயில். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் அடுத்தடுத்து ஐந்து லாக்குகள் இறங்கவேண்டிய இடம், நாங்கள் முதலாவதில் இருந்தோம். மேலே ஏறுவதற்காகக் கீழே காத்திருந்த படகிலிருந்து நாரிஸ் என்பவர் மதகைச் சுற்றும் இரும்புச் சாவியோடு உதவிக்கு வந்தார். கீழ்க்கதவில் பக்கத்துக்கு ஒரு மதகு. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

கீழ்க்கதவில் படகின் மூக்கு உரசக் கூடாது என்று மால்கம் இன்ஜினைக் கொஞ்சம் ரிவர்ஸில் வைத்தான். அதை அப்படியே ஓடவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே போனான். நான் பார்த்தேன். அப்போதே கத்தியிருக்க வேண்டும். ஆனால் நாரிஸ் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத மனிதருக்கு முன்னால் புருஷனை அதட்டுகிறவள் என்று பேர் வாங்க எனக்கு வெட்கம். வாயை மூடிக்கொண்டு சாவியைச் சுற்றினேன். அவரும் சுற்றினார்.

கீழே தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. படகின் முன்பக்கம் வழக்கம்போல இறங்கியது. திரும்பிப் பின்பக்கம் பார்த்தேன். அது இறங்கவில்லை. சுக்கானருகில் ஆள் இல்லை. பின்தளம் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது.



"மதகை இறக்குங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நாரிஸ், இறக்குங்க. மாட்டிக்கிச்சு."

அவர் பேச்சை நிறுத்திப் படகைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார், அதை உருவவே அவருக்கு ஒரு யுகம் ஆனதுபோல இருந்தது. இரண்டு மதகும் மூடின. அதற்குள் படகு நன்றாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைகிற சத்தம். அப்புறம் கனமாக ஏதோ விழுந்தது. மால்கமின் குரல் மட்டும் வரவில்லை.

"நான் உள்ள குதிக்கிறேன்," என்றார் நாரிஸ்.

"வேண்டாம். முன்னால பாரம் கூடினா தண்ணி உள்ள போயிரும். அந்த மதகு மறுபடி திறக்காம பாத்துக்கங்க, அது போதும்."

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மேல்கதவுக்குப் போய் அங்குள்ள மதகைத் திறந்து லாக்கை மறுபடி நிரப்ப வேண்டும். அறுபது அடி தூரம். அந்த அறுபது அடியும் படகை ஒட்டித்தான் நடக்க வேண்டும். ஈரக் கல்லில் ஓடினால் நானும் விழுவேன், பிறகு அவனுக்கு யாரும் இல்லை. நடந்தேன். சமையலறை ஜன்னலைத் தாண்டும்போது திரை மூடியிருந்தது. குனிந்து தட்டி, "மால்கம், இருக்கியா?" என்று கேட்க உயிர் துடித்தது. நிற்கவில்லை. நின்றிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். அந்த முதுகுக் குளிர் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

மேல் மதகு இறுகிக் கிடந்தது. சாவியின் மேல் முழு உடம்பையும் போட்டேன். அசைந்தது. மதகுச் சட்டத்தின் பற்களில் இரண்டு பல் அளவு மட்டும் திறந்தேன். முழுக்கத் திறந்தால் பாய்கிற தண்ணீர் முன்வாசலுக்குள் போய்விடும். மெதுவாக நிரப்பினால் நேரமாகும். வேகமாகச் சுற்று, மெதுவாகச் சுற்று என்று மனசுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பதினாறு வரை எண்ணினேன். நாரிஸ் அந்தப் பக்கத்திலிருந்து, "தண்ணி முன்வாசலைத் தொட இன்னும் ஒரு கை அளவுதான் இருக்கு," என்றார். அப்புறம், "அப்படியே நிக்குது," என்றார்.

நூற்றுப் பதினாறில் பின்பக்கம் படியை விட்டு நழுவித் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. படகு குலுங்கி நேரானது.

உள்ளேயிருந்து ஒரு கை வந்து கதவைப் பிடித்தது. மால்கம் ஏறி வந்தான். நெற்றியில் ரத்தம், முழங்கைக்குக் கீழே வெந்நீர் பட்டுச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"டீ போச்சு கண்ணு," என்றான்.

"வாயை மூடு," என்றேன். "இன்ஜினை நிறுத்து. இறங்கி வா. இனிமே கீழ எறங்குற லாக்குல சுக்கானைத் தொட்டா உன் கையை ஒடிச்சிருவேன்."

நாரிஸ் நாகரிகமாகத் தன் நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

லாக்குகளுக்கு நடுவே எங்கள் படகைத் திருப்ப இடம் கிடையாது. பயமாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட முடியாது, மிச்சத்தையும் இறங்கித்தான் ஆக வேண்டும். மால்கமின் காயத்தைக் கட்டி, அவன் நிதானமாக இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டபின், நாரிஸின் உதவியோடு, ஆளில்லாத படகைக் கயிற்றால் பிடித்துக்கொண்டு முதல் லாக்கை இறங்கினோம். பிறகு சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் சுக்கானைப் பிடித்தேன். இரண்டாவது லாக்கில் கோட்டுக்கு முன்னால் நன்றாகத் தள்ளி நிறுத்தினேன். மேல்கதவு மூடியது. அவன் மதகைத் திறப்பான் என்று காத்திருந்தேன்.

திறக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். சாவியை மாட்டிவிட்டுச் சும்மா நின்றிருந்தான். பிறகு என் பக்கம் நடந்து வந்து, கோட்டைப் பார்த்து, திரும்பிப் போனான். மறுபடி வந்தான். மூன்றாவது தடவையும் வந்து கோட்டையே பார்த்தான்.

"சுத்து மால்கம்."

"கொஞ்சம் இரு. இன்னும் ஒரு அடி முன்னால போயேன்."

"போயாச்சு. சுத்து."

அவன் அந்தக் கல்விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். அடிபட்ட நெற்றிக்குக் கீழே கண் இரண்டும் என் மேலேயே இருந்தன.

"நீ படகுல இருக்கும்போது என்னால இதைத் திறக்க முடியல க்ளெண்டா," என்றான். "நீ இத்தனை வருஷமா மேல இப்படித்தான் நின்னியா?"

"ஆமா," என்றேன். "ஒவ்வொரு லாக்குலயும்."

அவன் எழுந்து போய், ஒரே ஒரு பல் சுற்றிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தான்.