சாக்பீஸ் பேச்சைக் கேட்ட வீடு

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்குத் தையல்காரி வீட்டுக் குளியலறை வாசல் ஐந்து அங்குலம் அகலமானது. யாரும் சுவரில் கை வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் வீடுகளை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றத் திட்டம் போடுகிற அளவுக்காரர், காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். சுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தது. அவர் வரைபடத்தில் தேதி போட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனார்.

விபத்தில் தையல்காரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஐந்து மாதம். சக்கர நாற்காலி ஹாலோடு நின்றுவிடும். பஸ் ஓட்டுகிற புருஷன்தான் அவளைத் தூக்கிப்போய்க் குளியலறையில் உட்காரவைத்து, கதவைத் திறந்தே வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். நல்லவன்தான். ஆனால் அவன் டூட்டி முடிந்து வரும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. "மாசக் கடைசியில வேன் எடுத்துட்டு வர்றேன், என்கூடவே இருந்துடு" என்று அக்கா வேறு சொல்லியிருந்தாள். அங்கே தையல் மெஷின் கிடையாது; தூக்குவதற்கு ஆள் மட்டும் நிறைய. தையல்காரிக்கு வேண்டியது ஒன்றுதான்: தானே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும்.

புது வாசலில் நாற்காலியைத் தள்ளினாள். நாற்காலி கச்சிதமாக நுழைந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த அவளுடைய விரல் கணுக்கள்தான் கதவு நிலையில் உரசித் தோல் உரிந்தன. அளவுக்காரர் காலி நாற்காலியை அளந்திருந்தார்.

"ஏன் சார், ஹேங்கருக்கு அளவெடுத்துத்தான் சட்டை தைப்பீங்களா?"

"பதினெட்டு வருஷமா இப்படித்தாம்மா அளக்கறேன்."

"அப்ப பதினெட்டு வருஷமா எத்தனை பேர் கையில பிளாஸ்திரியோ!"

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்தார். அவள் தன் டேப்பை எடுத்தாள். விரித்த முழங்கை, நீட்டிய கை, திரும்பும்போது முட்டி இடிக்கிற தூரம் என்று தன்னையே அளந்தாள். ஜாக்கெட்டுக்கு விடுவது மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம் தாராளம் விட்டு, துணியில் கோடு போடும் சாக்பீஸால் சுவரிலேயே வரைந்தாள். பென்சிலுக்கு யோசித்து நகர்ந்த வீடு சாக்பீஸுக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. வாசல் விலகியது. படி படுத்துச் சரிவானது. சுவிட்சுகள் சுவரில் ஊர்ந்து இறங்கி அவள் தோளுக்கு நேரே நின்றன. கழிப்பறைப் பக்கம் ஒரு கைப்பிடி கோணலாக முளைத்தது, அதட்டியதும் நேரானது. தன் ஹாலில்தான் இடம் போயிருக்கும் என்று அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அளந்தால் அவருக்கும் ஓர் அங்குலம் கூடியிருந்தது. வந்த வழியே திரும்பிப் போனார்.

மாசக் கடைசியில் அக்கா வேனோடு வந்தபோது குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தமும், சுருதி சேராத பாட்டும்.

"அடியே, உன்னை யாருடி உள்ள வெச்சுப் பூட்டினது?"

"நான்தான்!"

"எப்ப வருவே?"

"தோணும்போது!"

முக்கால் மணி நேரம் ஆனது. புருஷன் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான், ஜலதோஷம் என்றான். கடைசியில் அக்காவே கதவைத் தட்டி, "சீக்கிரம் வாடி, எனக்கு அவசரம்" என்றாள். வேன் காலியாகத் திரும்பியது.

பன்னிரண்டு வருஷம் கழித்துப் புருஷனுக்கு முட்டி தேய்ந்தது. மறுநாள் காலை, யாரும் வரையாமலே, குளியலறையில் அவன் உயரத்துக்கு இன்னொரு கைப்பிடி முளைத்திருந்தது. அவன் அதில் துண்டைப் போட்டான்.

"அது துண்டு போடறதுக்கு இல்லய்யா" என்று மெஷினிலிருந்து நிமிராமலே சொன்னாள்.