சனிக்கிழமைகளில் யமுனா

அக்கா யமுனாவின் நெற்றியில் திருமண் இடக் குனிந்த பிச்சமுத்துவின் மணிக்கட்டை அவள் கணவர் ராசப்பன் எட்டிப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இருவரும் அப்படியே நின்றார்கள். பிச்சமுத்துவின் விரலிலிருந்து குழைத்த நாமக்கட்டி ஒரு சொட்டு வழிந்து யமுனாவின் புடவையில் விழுந்தது.

"வேண்டாம் மாப்ள. மூடிய வைக்கச் சொல்லுங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இயக்கத் தோழர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிச்சமுத்து கையை விடுவித்துக்கொண்டு, விரலை வேட்டியில் துடைத்தார். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் நடத்துகிற மனிதர். ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இந்த வீட்டில் மட்டும், அக்கா முகத்துக்காக, எப்போதும் அடங்கித்தான் பேசுவார். இன்று அந்த முகம் கண்ணாடிக்குள் இருந்தது.

"மச்சான், உங்க கல்யாணத்துக்கு ஐயர் வரக் கூடாதுன்னீங்க. சரின்னு வந்தா. வீட்ல ஒரு சாமி படம் கூட மாட்டக் கூடாதுன்னீங்க. அதுக்கும் சரின்னா. ஒரு நாள், அவளுக்காக நீங்க விட்டுக் கொடுக்கக் கூடாதா?"

ராசப்பனிடம் பதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும். இன்சூரன்ஸ் ஆபீஸ் சங்கத்தில் தொடங்கி, உறையூரிலிருந்து பொன்மலைவரை மேடை மேடையாகப் பேசியவர் அவர். இறந்தவர்களுக்கு நெற்றிக் குறி எதற்கு என்று மணிக்கணக்காக விளக்க முடியும். ஆனால் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்க வைத்தது கொள்கை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பொறாமை அது. கட்டிய நாளிலிருந்து, இல்லாத ஒருவன்மேல் அவர் பட்டுவந்த பொறாமை.

சனிக்கிழமைதோறும் யமுனா ஸ்ரீரங்கம் போவாள். எதை விட்டுக் கொடுத்தாலும் அதை மட்டும் விட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும். தடுப்பது ஆணாதிக்கம் என்று ராசப்பனே கூட்டங்களில் பேசியிருந்ததால் தடுக்கவும் முடியவில்லை. ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தெற்குவாசலில் இறக்கிவிட்டு, டீக்கடையில் பேப்பர் படித்தபடி காத்திருப்பார். அவளோடு வேலை பார்த்த ரோசரி பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள். இரண்டு பெண்களும் கோபுர வாசலுக்குள் மறைவார்கள்.

திரும்பி வரும்போது யமுனாவின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். குளித்துவிட்டு வந்த குழந்தையைப் போல இருப்பாள். அந்த முகத்தை வீட்டில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும், எந்தப் புடவை வாங்கிக் கொடுத்தாலும் அந்த முகம் வந்ததில்லை. பின்சீட்டில் ஏறி அவர் தோளில் கை வைப்பாள். அந்தக் கை லேசாக இருக்கும். வேறொருவன் வீட்டில் சந்தோஷமாக இருந்துவிட்டு வருகிறவளை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி, காவிரிப் பாலம் நெடுக அவருக்குள் எரியும்.

"உள்ள என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லங்க" என்பாள்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனார். கார்த்திகைக் கோபுரம் தாண்டியதும் கூட்டத்தில் அவளைத் தவறவிட்டார். வெளியே வரும்போது கிளைத் தோழர் ஒருவரின் மைத்துனன் பார்த்துவிட்டான். சிற்பம் பார்க்க வந்ததாகச் சொல்லிச் சமாளித்தார். அடுத்த வாரம் பாலக்கரைக் கூட்டத்தில், காலம் பூராவும் படுத்தே கிடக்கிற சாமி எழுந்து வந்து எந்த ஏழையின் வயிற்றை நிரப்பியது என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அந்தக் கேள்வியில் பாதி கொள்கை. மீதி என்ன என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

இப்போது கடைசியாக அவள் அவர் வீட்டுக் கூடத்தில், அவர் பொறுப்பில் கிடக்கிறாள். அவன் குறியை அவள் நெற்றியில் இட்டு அவனிடமே அனுப்புவதா?

பெங்களூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திறங்கிய மகன் சித்தார்த்தன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். பிச்சமுத்து அவனிடம் போய் முறையிட்டார். "அம்மா எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல மாமா. அப்பா சொல்றதுதான்" என்றான் அவன். பந்தலிலிருந்து எழுந்து வந்த ஆசாத், ராசப்பனின் நெடுநாள் தோழர், காதருகே மெதுவாகப் பேசினார். நேராக மின்மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம், அங்கே ஒரு சின்ன இரங்கல் கூட்டம், மைக்குக்குச் சொல்லியாகிவிட்டது, தோழரே இரண்டு வார்த்தை பேசினால் நல்லது, நம் வீடுகளிலிருந்துதானே மாற்றம் தொடங்க வேண்டும். ராசப்பன் தலையசைத்தார்.

நேற்றுக் காலை நடந்ததை அவர் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. காபி குடித்துக்கொண்டே பேப்பர் தலையங்கத்தை யமுனாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தினமும் நடப்பதுதான். கோயில் நிலங்களைப் பற்றிய தலையங்கம். ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிறுத்தி, அதில் என்ன தவறு என்று அவளுக்குப் புரியும்படி விளக்கினார். முழுதும் முடித்து, அடுத்த பக்கத்தையும் படித்துவிட்டு, "என்ன சொல்ற?" என்று நிமிர்ந்தபோது அவள் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது. எந்தப் பத்தியில் போனாள் என்று தெரியவில்லை. அவள் பதில் சொல்லாதது வழக்கம்தான். அதனால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தூங்குகிற மாதிரியே போய்விட்டாள் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

பத்தரை மணிவாக்கில் ரோசரி வந்தாள். குடையை வாசலில் மடக்கிச் சாத்திவிட்டு, நேராகப் பெட்டியருகே போய் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அழவில்லை. கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். ராசப்பன் அவள் பின்னாலேயே போனார். அங்கே யாரும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை அவள் டம்ளர்களில் ஊற்றத் தொடங்கியிருந்தாள்.

"ரோசரிம்மா, நீங்கதான் கூடவே போவீங்க. அவ அங்க என்ன வேண்டிக்குவா?"

ரோசரி டம்ளரைக் கீழே வைத்தாள். "வேண்டிக்கறதா? அவ சன்னதிக்குள்ள போயே ரொம்ப வருஷம் ஆச்சு சார். கியூ எனக்கு ஆகாதும்பா. நானும் அதுக்கு மேல வர முடியாதுல்ல. ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் நிழலா ஒரு இடம் இருக்கு. அங்க உக்காந்துக்குவோம்."

"உக்காந்து?"

"தூங்குவா."

"தூங்குவாளா?"

"தூணுல சாஞ்சுக்கிட்டு நல்லாத் தூங்குவா. சில நாள் குறட்ட கூட விடுவா. நேரமானா நான்தான் எழுப்புவேன்." ரோசரியின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "புதன்கிழமையில எங்க மாதா கோயிலுக்கும் வருவா சார். மேலப்புதூருக்கு. கடைசி பெஞ்சு."

"சர்ச்சுக்கா? எங்கிட்ட சொன்னதே இல்ல."

"பூச இல்லாத நேரமாப் பாத்துதான் வருவா."

இத்தனை வருஷம் ராசப்பன் ஒருவனோடு மல்லுக்கட்டினார். இப்போது பார்த்தால் களத்தில் அவனே இல்லை. "ஏன்?" என்றார். அந்த ஒரு சொல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

ரோசரி தயங்கினாள். "எக்ஸ்சேஞ்சுல அந்தக் காலத்துல நாள் பூரா காதுல சத்தம்தான். அப்புறம் வீட்டுக்கு வந்தா..." நிறுத்திவிட்டாள். "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இங்கதான்டி யாரும் எனக்கு எதையும் புரிய வைக்க வர மாட்டாங்கன்னு சொல்லுவா."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "அவளுக்கு நம்பிக்கை இருந்துச்சா இல்லயா?" என்று கேட்டார் ராசப்பன்.

"தெரியல சார். நான் கேட்டதில்ல."

"இத்தன வருஷத்துல கேட்டதே இல்லயா?"

"இல்ல. அவளும் என்ன எதுவும் கேட்டதில்ல."

ரோசரி காபித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குள்ளமான, முட்டி வலியால் தாங்கித் தாங்கி நடக்கிற அந்தப் பெண்ணின் முதுகை ராசப்பன் பார்த்தார். இத்தனை நாளும் அவளை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. துணைக்கு வருகிறவள், அவ்வளவுதான். இப்போது நெஞ்சுக்குள் பழைய எரிச்சலே இடம் மாறி, புது வேகத்தோடு எரிந்தது. சாமியென்றால் திட்டலாம், மேடையில் கிழிக்கலாம். இவளை என்ன செய்வது? யமுனா குறட்டை விடுவாள் என்பது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் பக்கத்தில் படுத்து ஒருநாளும் அவள் அப்படித் தூங்கியதில்லை.

அவர் கூடத்துக்கு வந்தபோது பிச்சமுத்து நாமக்கட்டிக் கிண்ணத்தை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, உங்க முறை என்னவோ அதச் செய்ங்க."

பிச்சமுத்து நிமிர்ந்தார். ஆசாத்தும் நிமிர்ந்தார்.

"ஆனா சத்தம் வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டாம், தப்பு மேளம் வேண்டாம், வெடி வேண்டாம். ஆசாத், அங்க மைக்கும் வேண்டாம். யாரும் பேச வேண்டாம்."

தோழர் இதற்கு ஏதாவது விளக்கம் சொல்வார் என்று ஆசாத் காத்திருந்தார். ராசப்பன் வாயைத் திறக்கவில்லை. பிச்சமுத்துவுக்கும் முழுத் திருப்தியில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணை ஊமை ஊர்வலமாகவா அனுப்புவது என்று முணுமுணுத்தார். ஆனாலும் எழுந்து, மூடியைத் தூக்கச் சொல்லி, அக்காவின் நெற்றியில் நாமம் இட்டார். ராசப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்க்க அவரால் முடியவில்லை.

ஓயாமாரிச் சுடுகாடுவரை வண்டி சங்கில்லாமல் போனது. சொந்தக்காரர்கள் ஒரு பக்கமும் தோழர்கள் ஒரு பக்கமுமாக, இரண்டு தரப்பும் ஒரே மாதிரி மனத்தாங்கலோடு நின்றார்கள். சித்தார்த்தன் சொன்னபடி எல்லாம் செய்தான். மின்மயானத்தின் இரும்புக் கதவு மூடியபோது ஒருவர் இருமினார். அவ்வளவுதான் சத்தம்.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பிச்சமுத்துவும் அவர் ஆட்களும் வேனில் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். சித்தார்த்தன் மாடியில் குளித்துக்கொண்டிருந்தான். பந்தலைப் பிரித்தாயிற்று. ரோசரி போகாமல் இருந்து கூடத்தைக் கழுவி விட்டிருந்தாள். தரை இன்னும் முழுதாகக் காயவில்லை.

ராசப்பனுக்குக் கேட்க நிறைய இருந்தது. வழியெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். தன்னைப் பற்றி வேறு என்ன சொன்னாள், கோபமாகச் சொன்னாளா சிரித்துக்கொண்டே சொன்னாளா, தூங்கி எழுந்ததும் முதலில் என்ன பேசுவாள், வேறு எங்கெல்லாம் போனார்கள். இனி இவை தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, ஈரப் புடவை நுனியை முட்டிவரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம்.

"ரோசரிம்மா" என்று கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். எதிர்ச் சுவரோரம், ஈரம் காயாத தரையிலேயே, மெல்ல உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. ஆசாத். அவசரமாக எடுத்து, எதை அழுத்துவது என்று புரியாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். அது கைக்குள் அதிர்ந்து அதிர்ந்து ஓய்கிறவரை, எதிரே அந்த இமைகள் அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.