இல்லாத குழாயைத் தாண்டும் மூன்று பைப்கள்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. ஒரு சான்றிதழில் என் பிறந்த ஆண்டு தவறாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்தின் தரைத்தள நடைவழியில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. எதிர்ச்சுவரில் மின்கம்பிகள் போகும் இரும்புப் பைப்கள் மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக, நூல் பிடித்தது போல ஓடின. கழிவறைக் கதவுக்கு இரண்டடி முன்னால் மூன்றும் சுவரை விட்டு எழும்பி, எதையோ தாண்டி, மறுபடி சுவரில் இறங்கின. தாண்டிய இடத்தில் எதுவும் இல்லை. வெறும் சுவர்.

ஒரு பைப் அப்படி இருந்தால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். மூன்றும் ஒரே உயரத்துக்கு ஏறி, ஒரே இடத்தில் இறங்கினால் அது பிசகு அல்ல, தீர்மானம்.

கட்டடத்தின் பராமரிப்புக்காரரிடம் கேட்டேன். ஏணியின் மேலிருந்தபடியே பதில் சொன்னார்.

"அதுவா? ஒரு அம்மா வளைச்சது சார். அப்ப இங்க தண்ணி லைன் போட்ட பிளம்பரு அந்தம்மாவோட அண்ணன்."

"எதுக்கு அப்படித் தாண்டுது?"

"அத யாரும் கேட்டதில்ல. நீங்கதான் மொத ஆளு. உங்க நம்பர் இன்னும் கூப்பிடலயா?"

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியை நான் செய்கிறேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

கைகள் நடுங்கும் ஒரு முதிய எலக்ட்ரீஷியன் தன் கடைசிப் பைப்பை — (வளைத்தது ஒரு பெண் என்று தெரிந்த பிறகும் என் கை பழக்கதோஷத்தில் கிழவரைத்தான் எழுதியது.)

ஆண்கள் மட்டுமே இருந்த அந்த வேலையிடத்தில் அவள் தன்னந்தனியாக — (இது கதை அல்ல, பாராட்டுப் பத்திரம்.)

அண்ணன் சாக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டான்.

இதை வைத்துக்கொள்கிறேன். கோடு போட்டவன்மேல் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

3

அவளுக்கு முப்பத்தாறு வயது, ஐம்பது கிலோவுக்கு உட்பட்ட எடை. வேலையிடத்தில் அவளை 'அரைக்கால்' என்றார்கள். அங்குலத்தில் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு பிசகினாலும் பைப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். பெயரை வைத்தவன் அண்ணன். வைத்த நாளிலேயே அது மொட்டைமாடிவரை ஏறிவிட்டது.

முதல் நாள் சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"காத்தடிச்சா பறந்துடுவ போல. நீ எப்படிம்மா இரும்ப வளைப்ப?"

"பைப்பு ஆளப் பாத்து வளையாது சார். கால் வைக்கிற எடத்தப் பாத்து வளையும்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஒரு மாடி செஞ்சு காட்டு. அதுல ஒரு பைப்ப கழட்டி மாட்டினாலும் மேல நாலு மாடியும் வேற ஆளுக்கு."

அண்ணனுக்கு இருந்த நிபந்தனை வேறு. அவன் போட்ட ஓர் இணைப்பு ஏற்கெனவே ஒழுகி, புதுச் சுவரை உடைத்தாகிவிட்டது. இன்னொரு தவறு வந்தால் மறுநாள் வரவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்கள். ஆக, இருவருமே நூலில்தான் நின்றார்கள். கதைக்காரனுக்கு இது வசதி. அவர்களுக்கு அல்ல.

4

பைப் வளைக்கும் பெண்டர் பார்க்க எளிய கருவி. நீண்ட கைப்பிடி, அதன் அடியில் பிறை போன்ற இரும்புத் தலை, தலையின் ஓரத்தில் கோணக் குறிகள். தரையில் கிடக்கும் பைப்பில் தலையை மாட்டிக் கைப்பிடியை இழுக்க வேண்டும். புதியவர்கள் கையால் இழுப்பார்கள். தெரிந்தவர்கள் தலையின்மேல் காலை ஊன்றி உடம்பின் எடையை அங்கே இறக்குவார்கள். கால் தளர்ந்தால் பைப் நசுங்கும். நசுங்கியதை நிமிர்த்தினாலும் தழும்பு போகாது. உள்ளே இழுக்கும் கம்பியை அது உரசிக்கொண்டே இருக்கும்.

தடையைத் தாண்ட மூன்று வளைவுகள் வேண்டும். நடுவில் நாற்பத்தைந்து டிகிரி, இருபக்கமும் அதில் பாதி. தடையின் உயரத்தை இரண்டரையால் பெருக்கினால் நடுக்குறிக்கும் பக்கக்குறிக்கும் உள்ள தூரம் வரும்.*

(* ஏறி இறங்கும் பைப் நீளத்தில் குறையும். மூன்று அங்குலம் ஏறினால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். நடுக்குறியை அந்த அளவு தள்ளிப் போடாவிட்டால் மேடு, தடைக்கு முன்பே வந்துவிடும். இந்த விவரம் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். அவளுக்குத் தேவை.)

அண்ணனின் குழாய் மேலிருந்து இறங்கி அவளுடைய பைப்களைக் குறுக்காகக் கடக்க வேண்டும். முந்தி வந்தவர் நேராகப் போகலாம், பிந்தி வந்தவர் வளைந்து போக வேண்டும் என்பது அந்த வேலையில் எழுதாத சட்டம். முந்தி வந்தது அவள். அவள் நேராகப் போயிருந்தால் அண்ணன் மாடிக்கு நான்கு முழங்கை இணைப்புகள் போட்டு வளைத்திருப்பான். ஒவ்வொரு இணைப்பும் ஒழுகக் காத்திருக்கும் ஓர் இடம்.

"அண்ணா, உன் குழாய் எத்தன இன்ச்சு?"

"ரெண்டு."

"உள்ளயா, வெளியிலயா?"

"ரெண்டுன்னா ரெண்டுதான். குழாய்க்கு என்ன கொல்லப்புறம் வாசப்புறமா இருக்கு?"

"உள்ளதான் ரெண்டு. வெளிய ரெண்டேகாலுக்கு மேல வரும். எவ்ளோ எடம் விடட்டும்?"

"மூணு விடு. தாராளமா போகும். ஆமா, நீ எதுக்குடி வளைக்கற? நான் வளைச்சுப் போறேன்."

"நீ வளைச்ச லட்சணத்தத்தான் ஒடச்ச சுவர் சொல்லுதே. கோட்டப் போடு."

அவன் கோட்டைப் போட்டான். "புதன்கெழம எறக்கிடறேன்" என்றான்.

5

மூன்று அங்குலம், இரண்டரையால் பெருக்க ஏழரை. மூன்று பைப்களில் ஒன்பது வளைவுகள். ஒவ்வொன்றையும் வேண்டிய கோணத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வளைத்தாள். விட்டதும் இரும்பு கொஞ்சம் பின்வாங்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பைப்பின் நீளத்துக்குப் பார்த்தாள்.

மூன்றாவது பைப்பின் கடைசி வளைவு இம்மி அளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதை நான் நேரில் பார்த்தேன். அந்த நேரத்தில் அண்ணன் வந்து ஏதோ சொன்னான், அவள் கால் தடுமாறியது என்று ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பைப்பில் யாரும் நாட்குறிப்பு எழுதுவதில்லை. ஒன்பதாவது வளைவில் கால் களைத்திருக்கும், அரைக்காலுக்குள் இருந்ததால் விட்டிருப்பாள்.

6

புதன்கிழமை அண்ணன் மேல்தளக் கான்கிரீட்டில் துளை போட்டபோது உள்ளே இரும்புக் கம்பிக்கட்டு குறுக்கிட்டது. வெட்டக்கூடாத கம்பி. குழாயைக் கழிவறையின் உட்சுவருக்கு மாற்றினான். எல்லா மாடிக்கும் இனி அதுதான் வழி. தங்கையிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இங்கேதான் அவன் என் கையில் நிற்கவில்லை. பொறாமைக்காரனாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மறதிக்காரனாக்கினேன், கதை சப்பென்று ஆனது. கடைசியில் இப்படி எழுதினேன்: வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவளைப் பார்த்தபோதெல்லாம் அவன், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். காலை ஒன்பது மணிக்கும் கேட்டான், நாலு மணிக்கும் கேட்டான்.

இதற்குள் பைப்களைச் சுவரில் இறுக்கி, மின்கம்பியும் இழுத்தாகிவிட்டது.

7

சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்தார்.

"என்னம்மா இது? பாம்பு முட்டைய முழுங்கின மாதிரி வெறும் சுவத்துல ஏறி எறங்குது?"

அவள் கழிவறைக்குள் எட்டிப் பார்த்தாள். உட்சுவரில் புதுக் குழாய். அதன் பக்கத்தில் கையில் ஸ்பேனரோடு அண்ணன்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"பதினோரு மணிக்கு என்னய்யா சாப்பாடு?" என்றார் சூப்பர்வைசர். "நீ சொல்லும்மா. எதுக்கு இது?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பைப்களுக்குப் பின்னால், மூன்று அங்குல இடைவெளியில், சாக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. அவள் கை அதற்குள் தாராளமாகப் போகும்.

8

முதல் முடிவு: அவள் கோட்டைக் காட்டுகிறாள். அண்ணன் வேலை போகிறது. (அப்படியென்றால் பைப்களைக் கழற்றி நேராக மாட்டியிருப்பார்களே. அவை இன்னும் அங்கே இருக்கின்றன.)

இரண்டாம் முடிவு: கையை உள்ளே விட்டுக் கோட்டைத் துடைத்துவிட்டு, "என் கணக்குதான் தப்பு சார்" என்கிறாள். (அழகான முடிவு. அப்போதும் கழற்றியிருப்பார்கள். ஆனால் எனக்கு இது பிடித்திருந்தது. கதையை இதோடு அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.)

அந்த வாரம் திருத்திய சான்றிதழ் வந்தது. ஆண்டு சரி, மாதம் தவறு. மறுபடி போனேன்.

காத்திருந்த நேரத்தில் எழுந்து போய், பைப்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பெயின்ட் அடித்தவரின் உருளை நுழையாத இடத்தில் பழைய பூச்சு தெரிந்தது. அதில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டை நான் கற்பனையில்தான் போட்டிருந்தேன். பிளம்பர்கள் எல்லோரும் கோடு போடுவார்கள், இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் யாரும் துடைக்கவில்லை. என் இரண்டாம் முடிவு அங்கேயே செத்தது.

பராமரிப்புக்காரரைத் தேடிப் போனேன்.

"அந்தம்மாவுக்கு மேல்மாடி வேல கெடச்சுதா?"

"நாலு மாடியும் அவங்கதான். அண்ணனும் கடைசிவரைக்கும் இருந்தாரு. ஏன் சார், கல்யாணத்துக்கு விசாரிக்கற மாதிரி விசாரிக்கறீங்க?"

படியேறினேன். முதல் மாடி, கழிவறைக் கதவுக்கு இரண்டடி முன்னால், மூன்று பைப்கள் எழும்பி, எதையோ தாண்டி, இறங்கின. இரண்டாம் மாடியிலும் அப்படியே. மூன்றிலும், நான்கிலும். மாடிக்கு ஒன்பதாக முப்பத்தாறு வளைவுகள், ஒன்றில்கூட முறுக்கு இல்லை. தண்ணீர்க் குழாய் வராது என்று தெரிந்த பிறகு வளைத்தவை.

நான்காம் மாடியில் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பின்னால் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கோடு. தரைத்தளக் கோட்டைப் போலவே கீழ்முனையில் சற்று இடப்பக்கம் சாய்ந்தது.

9

ஆக அன்றைக்கு அவள் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டுப் போகும்படியான ஒன்று. சொன்ன பிறகு நான்கு மாடியிலும் செய்து காட்டியே தீரவேண்டிய ஒன்று. ஒவ்வொரு மாடியிலும் அண்ணன் முதலில் வந்து, வராத குழாய்க்குக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. பதினேழு முறை எழுதிப் பார்த்தேன். என் வாக்கியங்களை நம்பி எந்தச் சூப்பர்வைசரும் போகமாட்டார். உங்களுக்கு வரலாம். அவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், அண்ணன் ஸ்பேனரைக் கை மாற்றிக்கொள்கிறான். அவள் கோட்டிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமல் சொல்கிறாள்:

"சார், அது வந்து