ஓரடியும் நகராத பூட்ஸ்

முகாமில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கிய அதே வாரம், கர்னல் எர்மெனேஜில்தோவின் பூட்ஸ் இரண்டும் வேர்விட்டன. இரண்டாம் உலகப் போரில், லிபியப் பாலைவனத்தில் காலைக் காப்பிக்கு முன்பே படையை மொத்தமாக ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு, இமயமலை அடிவாரத்துச் சிறைமுகாமுக்கு வந்து சேர்ந்தவர் அவர். வந்த நாள் முதல், "இத்தாலி ஓரடியும் பின்வாங்காது" என்று முள்வேலியைப் பார்த்துத் தினமும் முழங்குவார். வெற்றி வரும்வரை பூட்ஸைக் கழற்றுவதில்லை என்ற சபதம் வேறு. கைதான அதிகாரிக்கும் ஓர் ஏவலாளைக் கொடுக்கும் அளவுக்கு ஆங்கிலேயர் மரியாதை தெரிந்தவர்கள். அந்த ஏவலாள் நுன்ஸியோ, தெற்கு இத்தாலியின் லுகானியாவில் ஆடு மேய்த்தவன். பாலிஷ் போடக் குனிந்தபோது வேரைப் பார்த்தான். மண்ணைத் தட்டிவிட்டு, வேருக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டான். அதன்பின் கர்னல் நின்றபடியே உண்டார், உறங்கினார், சல்யூட் வாங்கினார். மழைக்குத் தலைக்குமேல் ஒரு தார்ப்பாய் கட்டினார்கள்.

போர் முடிந்து கப்பல்கள் வந்தன. கர்னல் ஏறினால்தான் ஏவலாளும் ஏறலாம் என்றார் முகாம் மேஜர்; வேர்விட்டது மரம், மரத்தை அனுப்ப வனத்துறையின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நுன்ஸியோ பிடிபட்ட பிறகு பிறந்த மகள் ஊரில் ஆடு விரட்டுமளவு வளர்ந்துவிட்டாள். அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை.

"பூட்ஸக் கழட்டுங்க ஐயா. நாம தோத்து வருஷக்கணக்காச்சு."

"தோத்தது அரசாங்கம்டா. நான் தோக்கல."

"மொதல்ல கையத் தூக்குனது நீங்கதானே?"

"தூக்குனது கை. கால் நகர்ந்துச்சா?"

கடைசி லாரி புறப்படும் காலையில் நுன்ஸியோ பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னான்: "நேப்பிள்ஸ் துறைமுகத்துல உங்களுக்கு ஜெனரல் பட்டமாம், பேண்டு வாத்தியமாம். நீங்க வரலைன்னா பக்கத்துக் கொட்டகைக் கர்னலுக்குக் குடுத்துருவாங்களாம்."

வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் கால்கள் வெளியே வந்தன. வெறுங்காலோடு ஓடி, எல்லோருக்கும் முன்னால் லாரியில் ஏறினார் கர்னல்.

நேப்பிள்ஸில் பொரித்த மீன் விற்பவர்கள் மட்டும் இருந்தார்கள்.

"பேண்டு எங்கடா?"

"வந்துட்டுப் போயிருப்பாங்க ஐயா. நாமதான் ரொம்ப நாள் நகராம நின்னுட்டோமே" என்று சொல்லிவிட்டு, நுன்ஸியோ மகளைப் பார்க்க ரயிலேறினான்.

பூட்ஸ் இன்னும் அந்த மலையடிவார முகாமில்தான் இருக்கின்றன. வசந்தத்தில் பாலிஷ் வாசனையோடு கறுப்பாகப் பூக்கின்றன. ஆடுகள் தின்பதில்லை. மலைக்காரர்கள் அவற்றில் கோவேறு கழுதைகளைக் கட்டுகிறார்கள். எவ்வளவு இழுத்தாலும் ஓரடி நகர்வதில்லையாம்.