நீல நூல் போட்ட பொத்தான்

“எல்லாம் இடம் மாறிக் கீதுமா,” என்று நிஷா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “லேயர் இந்தப் பக்கம் கீது, டூல் எல்லாம் அந்தப் பக்கம் கீது. நான் காலேஜ்ல கத்துக்கினது இப்டி இல்ல.”

சுகிர்தா மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஸ்டூடியோவாக இருந்த முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அருள்தாஸ் படுத்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் கேட்டவர், தம்ளர் வருவதற்குள் போய்விட்டார்.

நான்கு மணிக்குப் போதகர் வந்து அடக்கம். ஒரு மணிக்கு உத்திரமேரூரில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கோபாலுக்குப் படம் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை அவன் போன் பண்ணிவிட்டான். “அண்ணனுக்கு நான் பெருசா அடிக்கணும் அண்ணி, படத்த மட்டும் அனுப்புங்க,” என்று மூன்றாவது முறை அழுதேவிட்டான்.

அந்தப் படம்தான் இல்லை.

சுற்றுவட்டத்தில் எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும், தெருமுனையில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரைச் செய்து கொடுத்தவர் அருள்தாஸ். கூடத்தில் மாட்டும் படமும் அவர் கைவேலைதான். வாழ்நாளில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போன பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ரேஷன் கார்டிலிருந்து தலையை மட்டும் கத்தரித்து, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உடம்பின்மேல் உட்கார வைப்பார். நாற்று நட்டுக் கூன் விழுந்தவரும் கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஊரையெல்லாம் படம் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கல்யாண ஆல்பம் பெருமழை வந்த வருஷம் ஊறிப்போனது. மற்ற எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். கடைசி இரண்டு வருஷப் படங்கள் நிஷாவின் போனில் உண்டு. ஆனால் அதிலிருந்தது சிறுநீரகம் கெட்டு உப்பிப்போன வேறு யாரோ ஒருவருடைய முகம்.

அருள்தாஸின் தம்பி ஜான்சன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். “ஆதார் கார்டுல கீற படத்தயே குடுத்துடலாம் அண்ணி. அவசரத்துக்கு இன்னா பண்றது?”

“ஊரு பொணத்துக்கெல்லாம் மூஞ்சி திருத்தி அனுப்பின மனுசன், ஆதார் மூஞ்சியோட போவறதா ஜான்சா?”

அவன் திரையை இழுத்து விட்டான்.

“ரீசெட் பண்ணா எல்லாம் பழையபடி ஒழுங்கா வந்துடும்மா,” என்றாள் நிஷா. “ஒரே கிளிக்கு.”

“வேணா.”

“எனக்கு ஒண்ணும் பிடிபடலமா.”

“வேணான்றேன் இல்ல. உங்க நைனா வெச்சத கலைக்காத.”

அருள்தாஸ் பீச்சாங்கைக்காரர். சோற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் இடக்கைதான். எல்லாருக்கும் வலப்பக்கம் இருப்பதை அவர் இடப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். மவுஸும் இடப்பக்கம்தான் இருக்கும். கடைக்கு வந்த எந்தப் பையனும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்ததில்லை.

சுகிர்தாவுக்கு அதில் ஒரு பெயரும் தெரியாது. ஆனால் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோக்களைக் கத்தரித்துக் கத்தரித்தே அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. கத்தரிக்கோல் கையில் இருந்தாலும் கண் அவர் கைமேல்தான் இருக்கும். மத்தியான வேளையில் கூட்டம் இல்லாவிட்டால் அவரே சொல்வார்: “இது உன் அடுப்பங்கரைதாம்மே. கரண்டி, கத்தியெல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அடுக்குப் பாத்திரம். மேல கீறது கீழ கீறத மறைக்கும். இந்தக் கண்ணு கீது பாரு, அத்த மூடினா பாத்திரம் அங்கியேதான் இருக்கும், பார்வைக்கு மட்டும் தெரியாது.” அவள் அவ்வப்போது ‘உம்’ கொட்டுவாள். அவருக்கு அந்த ‘உம்’ போதும்.

“எடக்கைப் பக்கம் பாரு,” என்றாள் இப்போது. “கண்ணு கண்ணா வரிசையா கீதா?”

“கீது.”

“அதான் அடுக்கு. மொதல்ல மேல போய் ஃபைல தொற. சட்டைனு ஒண்ணு வெச்சிருப்பாரு. அவுரு எல்லாருக்கும் பண்றாப்ல ஆதார் தலய அந்தச் சட்டை மேல வெச்சிடலாம். வேற வழியில்ல.”

சட்டை என்ற ஃபைல் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. திறந்ததும் சாலவாக்கம் வேதகிரி வெள்ளைச் சட்டையில் கம்ப்யூட்டர் திரை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய பண்ணைக்காரர், ஆனால் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை கேமரா முன் நிற்காதவர்; போய் மூன்று வருஷமாகிறது. அவருக்குக் கீழே நாற்பதுக்கு மேல் அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் அருள்தாஸ் பெயர் வைத்திருந்தார். திருப்புலிவனம் தாத்தா. மானாம்பதி மேஸ்திரி. பஸ் டிரைவர். கோயில் மணியம். எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. வேதகிரியின் கண்ணும், அடியில் ஒரு கண்ணும் மட்டும் திறந்திருந்தன.

“இவர மூடு,” என்றாள் சுகிர்தா.

நிஷா மூடினாள். வேதகிரியின் தலை மறைந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

கழுத்துக்கு மேலே அருள்தாஸ் இருந்தார்.

முப்பத்து நாலு வயசு அருள்தாஸ். சுருட்டை முடி. உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறிவிட்டிருந்தது.

“இது...” என்றாள் நிஷா.

சுகிர்தாவுக்கு அது எந்த நாள் என்றே தெரிந்துவிட்டது. படத்தை எடுத்தவளே அவள்தான். டிஜிட்டல் கேமரா புதிதாக வாங்கிய வாரம். தலைகளை ஒட்டச் சட்டை போட்ட உடம்பு ஒன்று வேண்டும் என்று பின்கட்டுச் சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது இரண்டாவது பொத்தான் தெறித்தது. வீட்டில் வெள்ளை நூல் இல்லை. நிஷாவின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு வாங்கிய நீல நூலால் அவர் மேலேயே வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கழுத்துக்குக் கீழ ஒழுங்கா வந்தா போதும்மே. மூஞ்சி எப்டி இருந்தா இன்னா, வெட்டிடப் போறேன்,” என்றார். அவள் அழுத்தும் நேரத்தில் நான்கு வயசு நிஷா அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் இது.

மறுநாள் கேட்டபோது, “நீ எடுத்தது ஆடிப்போச்சி. அழிச்சிட்டேன். சட்டை படமெல்லாம் மெட்ராஸ்ல சிடியில வாங்கிக்கினேன்,” என்றார். பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லி அவளைக் கேலி பண்ணினார். அவள் எதைத் தொட்டாலும், “பாத்துமே, ஆடிப்போவப் போவுது.”

“கள்ளன்,” என்றாள் சுகிர்தா. முதலில் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து வராத அழுகை அதன் பின்னால் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, பாஸ்போர்ட் போட்டோத் துண்டுகள் சிதறிக் கிடந்த அந்த மேஜைமேல் தலை வைத்து, ஐஸ் பெட்டிச் சத்தத்தில் மறையும் அளவுக்கு அழுதாள்.

தலை நிமிர்ந்தபோது நிஷா படத்தைப் பெரிதாக்கியிருந்தாள். இரண்டாவது பொத்தானில் நான்கு ஓட்டைக்குக் குறுக்கே நீல நூல். யாருடைய கன்னத்து மருவையும், நெற்றி வியர்வையையும் துடைத்துவிடுகிற மனுஷன் அந்த நூலைத் தொடவேயில்லை.

“அப்ப எல்லார் வூட்லயும் மாட்டிக் கீறது...” நிஷாவின் குரல் இறங்கியது. “நைனா உடம்பாமா?”

“மெதுவா பேசு.”

ஏன் பொய் சொன்னார் என்று சுகிர்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேதகிரியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து சாலவாக்கம் போனவள் அவள். அந்த வீட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கொடுத்தார்கள். மகன் ராஜாராம் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவர்களை வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஜன்னல் வழியாக, கூடத்தின் நடுச்சுவரில் மாட்டுவது தெரிந்தது. மருமகள் தேவகி விளக்கேற்றி வைத்து, “மாமாவே உக்காந்துகினு கீறாப்ல கீது,” என்று விழுந்து கும்பிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அருள்தாஸ் தனக்குள் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். இன்னா சிரிப்பு என்று அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

போன் அடித்தது. கோபால். “இருபது நிமிசம் தான் கீது அண்ணி.”

“கழுத்தோட வெட்டிடட்டாமா?” என்றாள் நிஷா. “மூஞ்சி மட்டும் போதும். ராஜாராம் வருவாரு. சட்டைய பாத்தா பேஜாராயிடும். சித்தப்பா அவுரு மில்லுலதான வேல செய்யறாரு.”

அது நிஜம்தான். சுகிர்தாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. நாளைக்குக் காலையில் ஜான்சன் அந்த ரைஸ்மில் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். நாற்பது வீட்டில் எந்த வீடு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? வெட்டிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. மவுஸ் கொண்டு நான்கு மூலை இழுத்தால் முடிந்தது.

ஆனால் பதினெட்டு வருஷமாக அத்தனை பேர் தலையையும் தாங்கிய உடம்பு அது. எல்லாரும் போன பிறகு, தன் தலையோடு ஒரு நாளாவது அது வெளியில் வர வேண்டாமா?

“வெட்டாத,” என்றாள். “பொத்தான் வரைக்கும் வரட்டும்.”

“நூல மட்டும் வெள்ளயாக்கிடட்டா?”

“தொடாத.”

நிஷா வேறு பெயரில் சேமித்து அனுப்பினாள். சட்டை ஃபைலை மூடப் போனவளைச் சுகிர்தா தடுத்து, “அவுரு கண்ண தொறந்து வெச்சிட்டு மூடு,” என்றாள். வேதகிரியின் தலை மறுபடி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மணிக்குத் தெருமுனையில் பேனர் ஏறியது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற எழுத்துக்குக் கீழே, இன்னும் ஒரு நிமிஷத்தில் சிரித்துவிடப் போகிறவர் மாதிரி அருள்தாஸ் இருந்தார். அதே படத்தைச் சட்டம் போட்டுக் கோபால் தன் கையாலேயே கொண்டுவந்து ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் வைத்தான்.

நான்கு மணிக்கு முன் ராஜாராமின் கார் வந்து நின்றது. சம்பங்கி மாலையோடு இறங்கினார். இந்தத் தெருவில் எந்தச் சாவுக்கு வந்தாலும் அவர் காரோரம் நின்று மாலையை யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஜான்சன் அதைத் தெரிந்து, ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

ராஜாராம் மாலையைக் கொடுக்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை முகத்திலிருந்து தோளுக்கு இறங்கி, பொத்தானுக்கு வந்து, அங்கேயே நின்றது. தினமும் காலையில் அவர் பூ வைக்கிற படம். அந்தச் சட்டையின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

சுகிர்தா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“இந்தப் பொத்தான்...” என்றார் ராஜாராம்.

“நான்தான் தெச்சேங்க,” என்றாள் அவள். “அன்னிக்கு வூட்ல வெள்ள நூலு இல்ல.”

ஜான்சன் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றிருந்தான். ராஜாராம் ஒரு முறை கார் பக்கம் திரும்பினார். மறுபடி பேனரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். வாசலில் கிடந்த ரப்பர் செருப்புகளைத் தாண்டி, குனிந்து, வீட்டுக்குள் வந்தார்.

யாரையும் பார்க்காமல், சட்டம் போட்ட படத்துக்கு மாலையைப் போட்டார். திரும்பி வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாலை கனமானது. சம்பங்கி படத்தின் மார்பு முழுவதையும் மூடியிருந்தது. போதகர் பைபிளைப் பிரித்தார், எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுகிர்தா மட்டும் குனிந்து, மாலையை இரண்டு விரலால் பிடித்து, பொத்தான் தெரியும் வரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.