ஒமேர் போகும் மண் ரோடு

பக்கத்து வீட்டு ஒமேரின் டிரக்கைப் பார்த்தாலே ஃபெர்னானுக்கு வயிறு எரியும். இருவரும் ஒரே வருடம் வாங்கிய வண்டிகள். கனடாவின் கியூபெக்கில், பனிக்காலத்தில் உறைபனி உருகச் சாலைகளில் கொட்டும் உப்பு இவன் வண்டியின் அடிப்பாகத்தைத் துருவேற்றிச் சல்லடையாக்கிவிட்டது. ஒமேர் வண்டியில் பொட்டுத் துரு இல்லை.

"அவன் வருசா வருசம் துருப் பிடிக்காம இருக்க அடியில எண்ணெய் அடிச்சதும் மண் ரோட்டுல ஓட்டுறான். தூசி ஒட்டிக்கிட்டா எண்ணெய் வழியாதாம். உனக்கு ஏன் இதெல்லாம் தோணல?" என்று மனைவி லிஸெட் வேறு குத்திக்காட்டினாள்.

செப்டம்பரில் ஃபெர்னான் புது டிரக் வாங்கினான். எண்ணெய் அடித்த கையோடு, ஒமேரிடம் ஒரு வார்த்தை கேட்க மனமில்லாமல், அதே மண் ரோட்டில் போய்ப் போய் வந்தான். ரோடு ஈரமாகக் கிடந்தது. தூசிக்குப் பதில் சேறு அப்பியது. சேறுதான் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், ஒமேரையே மிஞ்சிவிட்டோம் என்று பூரித்துப்போனான்.

வாசலில் நின்ற ஒமேர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தான்.

"ஏன்டா, மழையே இல்லாம ரோடு எப்படி நனைஞ்சுது? தூசி அடங்கட்டும்னு காலையில உப்புக் கரைசல் தெளிச்சிருக்காங்க. பனி விழுறதுக்கு முன்னாடியே தேடிப் போய் உப்பு பூசிக்கிட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா!"